பெயருக்காகக் காத்திருந்த ஆண்டுகள்

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையைத் தருகிற கிரீன் கார்டுக்காக, எச்-1பி எனப்படும் தற்காலிக வேலை விசாவில் அந்நாட்டிலேயே இருந்துகொண்டு விண்ணப்பித்தவர்களில் கணிசமானோர், 2003 முதல் 2009 வரையிலான காலத்தில், தகுதி தொடர்பான படிகள் அனைத்தையும் கடந்த பின்னரும், ‘நேம் செக்’ என்னும் ஒரே ஒரு பாதுகாப்புச் சோதனையின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இக்கட்டுரையாசிரியரும் அவ்வரிசையில் நின்றவரே ஆதலால், இங்கே சொல்லப்படுவதில் ஒரு பகுதி அக்காலத்து நீதிமன்றப் பிரமாணப் பத்திரங்களிலும் அரசு அறிக்கைகளிலும் பதிவானது. மறு பகுதி கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் பொறியாளர்களின் வீடுகளில் அன்றாடம் பேசப்பட்டது.

நிலைமாற்ற விண்ணப்பம், அதாவது தற்காலிக விசாவிலிருந்து நிரந்தரக் குடியிருப்பு நிலைக்கு மாறுவதற்கான ஐ-485 என்னும் படிவம், மூன்று பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலாவது, கைரேகைகளை எஃப்.பி.ஐ. என்னும் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் குற்றப்பதிவுகளோடு ஒப்பிடுவது. இது ஓரிரு நாளில் முடிந்துவிடும். இரண்டாவது, எல்லைச் சோதனைச் சாவடிகளில் அப்போது பயன்பட்ட ஐபிஸ் என்னும் கணினித் தொகுப்பில் பெயரைத் தேடுவது. அதுவும் நேரம் எடுப்பதில்லை. மூன்றாவதான நேம் செக் மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. விண்ணப்பதாரரின் பெயர் எஃப்.பி.ஐ.யின் கோப்புகளில் எங்கேனும், எக்காரணம் பற்றியேனும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அரசு வேலைக்கு வருவோரின் பின்னணியை ஆராய்வதற்காக 1953இல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணையிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடு, அரை நூற்றாண்டுக்குப் பின் இலட்சக்கணக்கான குடியேறிகளின் மீது இறக்கி வைக்கப்பட்டது.

எஃப்.பி.ஐ.யின் கோப்புகளில் ஒரு பெயர் இரண்டு விதமாக வரக்கூடும். விசாரணைக்கு உட்பட்டவராகவே ஒருவர் இடம்பெற்றிருந்தால் அது முதன்மைப் பதிவு. வேறொருவரைப் பற்றிய கோப்பில் சாட்சியாகவோ, அண்டை வீட்டாராகவோ, ஒரு கூட்டத்துக்கு வந்தவராகவோ பெயர் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் அது குறிப்புப் பதிவு. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதல்களுக்கு முன்பு குடியேற்ற விண்ணப்பங்களுக்கு முதன்மைப் பதிவுகளைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் குறிப்புப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முடிவாகி, ஏற்கெனவே பார்த்து முடித்தவை உட்பட 27 இலட்சம் பெயர்கள் காந்த நாடாக்களில் ஏற்றப்பட்டு மீண்டும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு பதிவோடு பொருந்துவதாகக் கணினி காட்டியது. அந்தப் பொருத்தம் மெய்யா பொய்யா என்பதை மனிதர்கள் கோப்பை எடுத்துப் படித்துத்தான் சொல்ல வேண்டும். தேக்கம் அங்கேதான் தொடங்கியது. தொடர்ந்து வந்த ஒவ்வொரு மாதத்து விண்ணப்பங்களும் அதற்குப் பின்னால் போய் நின்றன.

தமிழர்களின் பெயர் அமைப்பு இந்தத் தேடலுக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதை அப்போது சோதனைக்கு உள்ளானவர்கள் மட்டுமே நன்கு அறிந்திருந்தனர். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு பள்ளிச் சான்றிதழ் பெற்ற ஒருவர், கடவுச்சீட்டுக்காக அந்தத் தலைப்பெழுத்தை விரித்து எழுதுகிறார். அமெரிக்கா வந்ததும் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ‘செ. முருகன்’ என்பவர் முருகன் செல்வராஜ் ஆகிறார். வங்கிக்கு அவர் திரு. செல்வராஜ், அலுவலகத்துக்கு முருகன், விமான நிறுவனத்துக்கு செல்வராஜ்முருகன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தவர்களுக்கோ, இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தை விசாவில் அச்சிட்டுத் தந்தனர். அதையே உண்மையான பெயர் என்று கருதி ‘மிஸ்டர் எஃப்னூ’ என்று கூப்பிட்ட மருத்துவமனை வரவேற்பாளர்களும் உண்டு. எஃப்.பி.ஐ.யின் தேடல் முறையோ பெயரின் உறுப்புகளை முன்பின்னாக மாற்றியும், முதலும் கடையும் மட்டும் சேர்த்தும், முதலும் இடையும் மட்டும் சேர்த்தும், எத்தனை விதமாகக் கோக்க முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுவது. இப்படித் தேடும்போது ஒருவருடைய பெயரோடு அவருடைய தந்தையின் பெயரும், அவ்விருவரின் பெயரைத் தாங்கிய எண்ணற்ற பிறரும் வலைக்குள் வந்துவிடுகின்றனர். தமிழருக்கு நேர்ந்தது இதுவென்றால், அகமது, உசேன் போன்ற பெயர்களைக் கொண்டவர்களுக்கும், சில எழுத்துகளுக்குள் முடிந்துவிடும் சீனப் பெயர்களைக் கொண்டவர்களுக்கும் நேர்ந்தது இன்னும் கடுமையானது.

வழக்குகளில் எஃப்.பி.ஐ. தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்கள், இந்தப் பணி நடக்கும் விதத்தை ஓரளவு வெளிப்படுத்தின. ஏறக்குறைய 68 விழுக்காட்டுப் பெயர்கள் இரண்டு மூன்று நாளில் ‘பதிவு ஏதும் இல்லை’ என்று திரும்பிவிடும். மேலும் 22 விழுக்காடு இரண்டாம் கட்டத் தேடலில் ஓரிரு மாதங்களுக்குள் விடுபடும். எஞ்சிய 10 விழுக்காட்டுக்குத்தான் கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். அந்தக் கோப்பு கணினியில் இருந்தால் தப்பித்தது. காகிதமாக இருந்தால் நாடு முழுவதும் பரவிக் கிடந்த 265க்கும் மேற்பட்ட இடங்களில் எங்கே இருக்கிறது என்று கண்டு, அங்குள்ள ஒருவர் அதை எடுத்து அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். இறுதியில் பாதகமான தகவலோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டவை மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகக் காத்திருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோரை யாரும் சந்தேகிக்கவில்லை; அவர்களுடைய பெயரை உடைய வேறு யாரோ எப்போதோ குறிக்கப்பட்ட ஒரு தாளை யாரும் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. ஆனால் காத்திருப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கொடுமை. தன் பெயர் ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் சொல்லப்படாத ஒருவர் தானாகவே காரணங்களைத் தேடத் தொடங்குகிறார்: கல்லூரி நாளில் சேர்ந்த சங்கம், ஒரு நண்பருக்கு அனுப்பிய பணம், துபாய் வழியாகச் செய்த பயணம், ஈழத்து அகதிகளுக்காக நன்கொடை திரட்டிய நிகழ்ச்சியில் இட்ட கையெழுத்து. விரிகுடாப் பகுதித் தமிழர்களுள் சிலர் எதற்கு வம்பு என்று இத்தகைய கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டது இக்கட்டுரையாசிரியருக்கு நன்கு நினைவிருக்கிறது. எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை.

காத்திருப்பைச் சமாளிப்பது என்பது நடைமுறையில் மற்ற ஆவணங்களை உயிரோடு வைத்திருப்பதாகவே இருந்தது. நிலைமாற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டையும், நாட்டை விட்டுச் சென்று திரும்புவதற்கான அட்வான்ஸ் பரோல் என்னும் முன்னனுமதிக் கடிதமும் வழங்கப்படும். அக்காலத்தில் இரண்டும் ஓராண்டுக்கே செல்லுபடியாயின. 2007 ஜூலை இறுதியில் கட்டணங்கள் மாற்றியமைக்கப்படும் வரை, முதலாவதைப் புதுப்பிக்க 180 டாலரும் இரண்டாவதற்கு 170 டாலரும், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்தது. கைரேகைகளுக்கு 15 மாதமே ஆயுள். நேம் செக் முடிவதற்குள் அவை காலாவதியாகிவிடும் என்பதால் மறுபடியும் அழைப்பு வரும், அதே பத்து விரல்கள் மறுபடியும் பதியப்படும். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தின் கெடுவும் குடியேற்ற ஆவணத்தின் கெடுவோடு பிணைக்கப்பட்டிருந்ததால், அட்டை தாமதமானால் வண்டி ஓட்டுவதும் சிக்கலாகும். இக்கட்டுரையாசிரியரின் வீட்டில் காலாவதியான ஈ.ஏ.டி. அட்டைகள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சேர்ந்து வந்தன. 2004க்கு முந்தைய அட்டையில், வலது காது தெரியும்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிய படம் இருக்கும், ஏனெனில் அப்போதைய விதி அது. அவ்வாண்டு விதி மாறியதால் அடுத்தடுத்த அட்டைகளில் முகம் நேராகப் பார்க்கும். அவற்றை வரிசையாக வைத்தால் முன்தலை முடி பின்வாங்கிச் செல்வதைக் காணலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் விவேகமுள்ளவர்கள் பழைய எச்-1பி விசாவையும் கைவிடாமல் நீட்டித்து வைத்திருந்தனர். விண்ணப்பம் ஒருவேளை நிராகரிக்கப்பட்டால், ஈ.ஏ.டி.யை மட்டும் நம்பியிருந்தவர் அன்றே வேலை செய்யும் உரிமையை இழப்பார். எச்-1பி உள்ளவருக்கோ காலூன்ற இடம் இருக்கும். அந்த விசா ஆறு ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது என்ற வரம்பை 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தளர்த்தியிருந்தது. விண்ணப்பம் 180 நாளைக் கடந்து நிலுவையில் இருந்தால் அதே வகையைச் சேர்ந்த வேறு வேலைக்கு மாறவும் அது இடம் தந்தது. ஆனால் ‘அதே வகை’ என்பதன் எல்லை எது என்று வழக்கறிஞர்களே ஒருமித்துச் சொல்லாத நிலையில், பதவி உயர்வு கிடைத்தபோது மேலாளர் ஆகிவிட்டால் வேலையின் வகை மாறிவிடுமோ என்று அஞ்சி அதை ஏற்காதவர்கள் இருந்தனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகையான அச்சம். உள்ளிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

செய்தி அறிவதற்கென்று இருந்த வழிகள் யாவும் ஒரே பதிலையே தந்தன. இன்ஃபோபாஸ் என்னும் இணைய முன்பதிவு முறையில் நேரம் வாங்கி, அரை நாள் விடுப்புப் போட்டு, குடியேற்ற அலுவலகத்தின் சன்னலுக்கு முன் சென்று நின்றால், அலுவலர் விண்ணப்ப எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பார். திரை அவர் பக்கமே திரும்பியிருக்கும். ‘நேம் செக் பெண்டிங்’ என்ற சொல் வெளிவர அரை நிமிடம் ஆகாது. இக்கட்டுரையாசிரியர் கண்ட அலுவலர்கள் பெரும்பாலும் மரியாதைக்குறைவாக நடந்தவர்கள் அல்லர். அவர்களுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. தொகுதியின் பிரதிநிதி வழியாகக் கடிதம் எழுதினால் அதே விடை அச்சிட்ட தாளில் வரும். விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தில், கோப்பு கடைசியாகத் தொடப்பட்ட தேதி எல்.யூ.டி. என்ற பெயரில் இருந்தது. செய்தி மாறாமல் தேதி மட்டும் மாறினால், யாரோ ஒருவர் கோப்பைத் திறந்திருக்கிறார் என்று கொண்டு அன்றைய நாள் நல்ல நாளாகக் கழியும். அதிபரின் மனைவி லாரா புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினால் வெள்ளை மாளிகையிலிருந்து எஃப்.பி.ஐ.க்கு விசாரணை போகும், அதனால் பெயர் விடுபடும் என்று ஒரு நம்பிக்கையும் பரவியிருந்தது. லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்கு வந்தவர்கள் புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கடிதத்தை எப்படித் தொடங்குவது, குழந்தைகளின் படத்தை இணைக்கலாமா என்றெல்லாம் பேசிக்கொண்டனர். ‘உங்களுக்கு நேம் செக் கிளியர் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி அந்நாளில் நலம் விசாரிப்பதற்குச் சமமாக இருந்தது.

இவற்றுள் உண்மையில் பலன் தந்தது நீதிமன்றமே. அரசு அலுவலர் செய்தே ஆக வேண்டிய கடமையைச் செய்யுமாறு கட்டளையிடும் பேராணைக்கு மாண்டமஸ் என்று பெயர். கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் அப்போதைய கட்டணமான 350 டாலரைக் கட்டி அதற்கான மனுவைத் தாக்கல் செய்தால், அரசு 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பல வழக்குகளில் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கும்போது, அதுவரை அகப்படாத கோப்பு அகப்பட்டு, பெயர் விடுபட்டு, வழக்கு தேவையற்றுப் போயிற்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமின்றியோ கொடுக்க மனமின்றியோ, பிறர் எழுதிய மனுவைப் பார்த்துத் தாமே எழுதித் தாமே வாதாடியவர்கள் பலர். நிரல் எழுதிப் பழகிய பொறியாளர்களுக்கு, பத்திகளுக்கு எண்ணிட்டு ஒன்றிலிருந்து ஒன்றை நிறுவிச் செல்லும் மனுவின் வடிவம் அவ்வளவு அந்நியமாக இல்லை. நீதிமன்றங்கள் இதில் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. குடியேற்றத் துறையின் விருப்புரிமையில் தலையிட இயலாது என்று சில தள்ளுபடி செய்தன. எந்த முடிவை எடுப்பது என்பதே துறையின் விருப்புரிமை, முடிவே எடுக்காமல் விடுவது அன்று என வட கலிபோர்னியாவில் உள்ளவை உட்படப் பிற நீதிமன்றங்கள் கூறின. 2007 பிப்ரவரியில், வழக்குத் தொடுத்ததை மட்டும் காரணமாகக் கொண்டு எவருடைய நேம் செக்கையும் விரைவுபடுத்தக் கேட்பதில்லை என்று குடியேற்றத் துறை அறிவித்தது. வழக்குப் போட்டவர் முந்திக்கொள்வது நியாயமன்று என்பதில் பொருள் உண்டு; ஆனால் வரிசை நகராதபோது அதைக் குலைப்பவரைக் குறை சொல்வது எளிதன்று.

இந்தியர்களுக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு இருந்தது. வேலைவழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000. எந்த ஒரு நாட்டினருக்கும் பொதுவாக அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகாது. விண்ணப்பதாரரின் முன்னுரிமைத் தேதி, அதாவது அவர் வரிசையில் இடம்பிடித்த நாள், அம்மாதத்து விசா அறிக்கையில் குறிக்கப்பட்ட தேதிக்கு முந்தியதாக இருந்தால்தான் அட்டை வழங்க முடியும். 2005 அக்டோபரில் இந்தியர்களுக்கான தேதிகள் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அதன் விளைவாக, தேதி திறந்திருந்த காலத்தில் நேம் செக் முடியாமலும், நேம் செக் முடிந்தபோது தேதி மூடியிருந்தும் இரண்டும் ஒன்றுசேராமலே சிலருக்கு ஆண்டுகள் ஓடின. 2007 ஜூலைக்கான அறிக்கை ஏறக்குறைய எல்லாத் தேதிகளையும் திறந்துவிடுவதாக முதலில் அறிவித்து, ஜூலை 2ஆம் நாள் எண்கள் தீர்ந்துவிட்டன என்று கதவைச் சாத்தியபோது, ‘லகே ரஹோ முன்னா பாய்’ திரைப்படம் காட்டிய காந்திய வழியைப் பின்பற்றி, குடியேற்றத் துறைத் தலைவர் எமிலியோ கோன்சாலெஸுக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை இந்தியர்கள் அனுப்பினர். அவர் அவற்றைக் காயமுற்ற படைவீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டார். சான் ஓசேயில் நடந்த ஊர்வலத்தில், வாழ்நாளில் ஒரு பதாகையும் ஏந்தியிராத நிரலாளர்கள் வெயில் தொப்பியோடு நடந்தனர். ஜூலை 17ஆம் நாள் முடிவு திரும்பப் பெறப்பட்டு விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. அவையும் நேம் செக் வரிசையின் பின்னால் சேர்ந்தன.

இந்தத் தாமதத்தின் உள் முரணை எடுத்துச் சொன்னவர், குடியேற்றச் சேவைகளுக்கான முதல் குறைதீர்ப்பாளரான பிரகாஷ் காத்ரி. அவருடைய 2007ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டு மே மாதத்தில் 3,29,160 பெயர்கள் நிலுவையில் இருந்தன. அவற்றுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஓராண்டைக் கடந்தவை. விண்ணப்பதாரர்கள் வெளிநாட்டில் காத்திருக்கவில்லை. அமெரிக்காவிலேயே வாழ்ந்து, அரசு தந்த அனுமதியோடு வேலை செய்து, விமானத்தில் பறந்து, வீடு வாங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால், அவருடைய கோப்பை மூன்றாண்டு எடுக்காமல் வைத்திருப்பது அவருக்கு மூன்றாண்டு அவகாசம் தருவதாகும். ஆபத்தற்றவர் என்றால், அந்த மூன்றாண்டுக்கு எந்தப் பயனும் இல்லை. எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாலும் தாமதம் பாதுகாப்பைக் கூட்டவில்லை. அது கூட்டியது, எந்த அலுவலரும் தன் கையெழுத்துக்குப் பிற்பாடு பதில் சொல்ல வேண்டியிராது என்ற உறுதியை மட்டுமே. எஃப்.பி.ஐ. பழைய தொழில்நுட்பத்தையும் போதிய பயிற்சியற்ற பணியாளர்களையும் கொண்டு இவ்வேலையை நடத்தியது என்று நீதித் துறையின் தலைமைக் கண்காணிப்பாளரும் 2008 ஜூனில் அறிக்கை அளித்தார்.

தீர்வு அதற்கு முன்பே, 2008 பிப்ரவரி 4ஆம் நாள், ஒரு சுற்றறிக்கை வடிவில் வந்துவிட்டது. மற்ற எல்லா வகையிலும் தகுதியுள்ளவரின் நேம் செக் 180 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால், அதற்காகக் காத்திராமல் அட்டையை வழங்கலாம். பின்னர் பாதகமான தகவல் கிடைத்தால் அட்டையைத் திரும்பப் பெறவோ நாடுகடத்தவோ நடவடிக்கை எடுக்கலாம் என்றது அது. பாதுகாப்புக்காகத் தவிர்க்கவே முடியாதது என்று ஐந்தாண்டு சொல்லப்பட்ட ஒன்று, சில பக்கக் குறிப்பால் தவிர்க்கக்கூடியதாயிற்று. பணியாளர்களைக் கூட்டி, மூன்றாண்டு கடந்தவை, இரண்டாண்டு கடந்தவை என்று கெடு வைத்துத் தேக்கத்தைக் கரைக்கும் திட்டம் ஏப்ரலில் வெளியிடப்பட்டது. 2009ஆம் ஆண்டின் நடுவில் தேக்கம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. முன்னுரிமைத் தேதி திறந்திருந்தவர்களுக்கு, ‘அட்டை அச்சிட ஆணையிடப்பட்டுள்ளது’ என்ற மின்னஞ்சல் எவ்வித விளக்கமும் இல்லாமல் ஒரு நாள் வந்தது. தங்கள் பெயர் எந்தக் கோப்போடு மோதியது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சுற்றறிக்கையின் பயனாக அட்டை பெற்றவர்கள் ஐந்தாண்டுக்குப் பின் குடிமக்களாக விண்ணப்பித்தபோது, அதே சோதனையை மறுபடியும் சந்தித்தனர். குடியுரிமைக்கு முன் பின்னணிச் சோதனை முழுமையாக முடிந்திருக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிப்பதால், அங்கே 180 நாள் சலுகைக்கு இடமில்லை. எனினும் அப்போது பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே விடை வந்தது.

அதே 2008 ஏப்ரலில் வேறொன்றும் தொடங்கியது. அது யாருக்கும் அறிவிக்கப்படவில்லை. பாதுகாப்பு ஐயத்துக்குரியவை என்று கருதப்படும் விண்ணப்பங்களைத் தனியே பிரித்து நிறுத்திவைக்கும் கார்ப் என்னும் உள்முறை ஒன்று குடியேற்றத் துறையில் நடைமுறைக்கு வந்து, பல ஆண்டுகளுக்குப் பின் சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் முயற்சியால் வெளியே தெரிந்தது. அதில் சிக்கியவர்களுள் முஸ்லிம்களே மிகுதி என்று அவ்வமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. காயல்பட்டினத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், இக்கட்டுரையாசிரியரோடு ஏறத்தாழ ஒரே காலத்தில் விண்ணப்பித்து, ஒரே கோயில் கூடத்துக் கதைகளை மற்றவர் சொல்லக் கேட்டுச் சிரித்தவர், தேக்கம் நீங்கிவிட்டது என்ற அறிவிப்பை எல்லோரையும்போல் தாமும் படித்தார். அதன் பிறகும் அவர் ஈ.ஏ.டி.யைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார், சன்னலுக்குப் பின்னிருந்த அலுவலர் இம்முறை நேம் செக் என்று சொல்லவில்லை, ‘கூடுதல் பரிசீலனை’ என்றார்.